ஒப்பாரிக்கு நடுவே ஒரு கேள்வி

இழவு வீட்டில் சிரிப்பு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுகிற மாதிரி நடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கல்யாணமான புதிதில் நான் அப்படித்தான் தப்பித்தேன். என்னைச் சிரிக்க வைத்த அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய ஊரிலேயே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

ராசிபுரத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு போலீஸ்காரர் இறந்துபோயிருந்தார். என் மாமியாருக்குத் தூரத்து உறவு. எங்கள் பக்கத்தில் இழவுக்குப் போகிற பெண்கள் தெருமுனையிலேயே அழுகையை ஆரம்பித்துவிட வேண்டும். உள்ளே போனதும் அங்கே இருக்கிற பெண்களைத் தோளோடு தோளாகக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழ வேண்டும். யார் தோள் கிடைக்கிறதோ அந்தத் தோள்தான். எனக்கு ஒரு பக்கம் கிடைத்தது, வெள்ளைச் சேலை கட்டிய, நெட்டையான, எலும்பும் தோலுமான ஒரு அக்கா. அவருக்கு அந்தப் பக்கம் புருஷனைப் பறிகொடுத்த பெண். அக்கா மற்றவர்களைப் போலவே ராகமாகத்தான் ஆரம்பித்தார். போகப் போக ராகம் அப்படியே இருக்கப் பேச்சு மட்டும் வேறு எங்கோ போய்விட்டது.

"ஏஞ்சாமீ... எந்த எடத்துல உழுந்தாரு சாமீ... உடுப்புப் போட்டிருந்தாரா கண்ணூ... ஆரு பாத்தாங்க தாயீ..."

அந்தப் பெண்ணும் சளைக்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அதே ராகத்தில் பதில் சொன்னாள். "சந்தப்பேட்டையிலீங்க அக்கா... கள்ளுக்கடச் சண்டைய வெலக்கப் போனாருங்க... உடுப்புலதானுங்க இருந்தாரு..."

"ஏட்டய்யா வந்து பாத்தாரா சாமீ..."

"பாத்தாருங்க அக்கா... அவருதான் தூக்குனாரு..."

"அப்படீன்னா அழுவாத தாயீ..." என்று ஒரு நீட்டு நீட்டினார் பாருங்கள், எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது.

திரும்பி வரும்போது மாமியாரிடம் யார் அது என்று கேட்டேன்.

"அவளா? பென்ஷன்காரி. கெவருமெண்டு வேலக்காரன் ஒருத்தன் உடாம இங்க சுத்துப்பட்டுல ஆரு செத்தாலும் வந்து நின்னுக்குவா."

"பென்ஷன் வாங்கறாங்களா?"

"மண்ணாங்கட்டி. அவளுக்கு ஒரு சல்லி வாரதில்ல."

பென்ஷன் வாங்காதவளுக்கு எதற்கு அந்தப் பெயர் என்று அன்றைக்கே எனக்குள் ஒரு குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. நான் எதையும் அப்படியே விட்டுவிடுகிற ஆள் கிடையாது. விசாரித்தேன். ஆட்டையாம்பட்டிப் பாதையில் அடுத்த ஊர்தான். நெசவுக்காரர்களுக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துக் கஞ்சி குடிக்கிறார். புருஷன் தாலுக்கா கச்சேரியில் சேவகர், சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எப்போதோ இறந்துவிட்டார். காய்ச்சலில் போனார் என்று சிலர், ஆற்றில் போனார் என்று சிலர். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

வெள்ளைச் சேலைக்காரி எதிரே வந்தாலே ஒதுங்கி நின்று போகிற காலம் அது. அதைப் பற்றி அக்காவுக்கு வருத்தமே கிடையாது. "கல்யாணத்துக்குத்தான் என்ன ஆரும் கூப்புட மாட்டாங்க. எழவுக்கு என்னத்துக்குங்க கூப்பாடு? நானே போயிக்குவேன்" என்பார். வேகமாக நடப்பார். அவரோடு நடந்தால் நாம் ஓட வேண்டும். பேச்சு கம்மி, கேள்வி ஜாஸ்தி. நலம் விசாரிக்கும்போது கூட, "நல்லா இருக்கீங்களா" என்று பொதுவாகக் கேட்க மாட்டார். "கால்வலின்னீங்களே, எந்தக் காலு?" என்றுதான் கேட்பார்.

திருச்செங்கோட்டுப் பாதையில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் இறந்தபோது நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்புதான். அக்கா போய் வட்டத்தில் உட்கார்ந்து, "எங்கீங்க சாமீ உழுந்தாரு" என்று ஆரம்பித்திருக்கிறார். வாத்தியாரின் மச்சினனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எங்கயும் உழுகல! ஊட்டுல கட்டல்ல படுத்துத் தூங்கறப்பவே போயிட்டாரு. உனக்கென்ன இப்ப?" என்று கத்தினான். "ஊட்லயா? தூக்கத்துலயா? செரி, அப்படீன்னா கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல, அழுவலாம்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் போனார்.

அவர் கேட்பது ஏன் என்று போகப் போகப் புரிந்தது. அந்தக் காலத்தில் சர்க்கார் வேலைக்காரன் வீட்டில் படுத்துச் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மாதா மாதம் எதுவும் வராது. வேலையில் இருக்கும்போது, அந்த வேலையின் ஆபத்தால் உயிர் போயிருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அப்போதுதான் விதவைக்குப் பென்ஷன். இது கச்சேரிச் சட்டம்.

ஊர்ச் சட்டம் அதற்கு நேர் எதிர். ஊருக்கு வெளியே உயிர் போனால் பிணத்தை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. வீட்டு வாசலில் குளிப்பாட்டி, கோடி போட்டு, உறவுக்காரர்கள் சுற்றி நின்று அனுப்புகிற பாக்கியம் கிடையாது. அதற்கு மேல் போலீசு வரும், ஆஸ்பத்திரியில் வைத்து அறுப்பார்கள். இதையெல்லாம் தவிர்க்க ஊரே சேர்ந்து ஒரு வழி வைத்திருந்தது. வண்டி ஊர் எல்லையில் நிற்கும். பெண்டாட்டியோ தாயோ மூக்கில் கை வைத்துப் பார்த்து, "மூச்சு இருக்குது" என்று சொல்ல வேண்டும். இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு வண்டி உள்ளே போகும். வாசலில் இறக்கி, வாயில் தண்ணீர் ஊற்றி, "போயிட்டாரு" என்று அறிவித்துவிட்டு அழுவார்கள். செத்தவர் காய்ச்சலில் வீட்டோடு போனதாக, ஊர்த் தலைவரான மணியகாரர் கச்சேரிக்குச் சொல்லிவிடுவார். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஓமலூர்ப் பக்கம் மாட்டாஸ்பத்திரிச் சேவகர் ஒருவரைக் காளை முட்டிக் கொன்றுவிட்டது. வேலை நேரம், ஆஸ்பத்திரி வாசல். ஆனால் வீட்டார் "மூச்சு இருக்குது" என்று உள்ளே கொண்டுபோய், வயிற்றுவலியில் போனார் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அக்கா ஓமலூர் போய்ச் சேர்வதற்குள் கருமாதியே முடிந்திருந்தது. அந்தப் பெண் கைக்குழந்தையோடு கச்சேரிக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "இப்பப் போயிக் கேட்டா ஆருங்க சொல்லுவாங்க? முட்டுன மாடு வந்து சாட்சி சொல்லுமா?" என்று அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கச்சேரியில் அவரைக் கண்டாலே குமாஸ்தாக்களுக்குக் குளிர் காய்ச்சல் வந்துவிடும். போலீஸ்காரர் பெண்டாட்டிக்குத் துணையாக அவர் போனபோது நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தலைமைக் குமாஸ்தா மூக்குப்பொடியை இழுத்துக்கொண்டு, "பார்க்கலாம், துரை மனசு வைத்தால் கருணை காட்டுவார்" என்றார்.

"கருணையெல்லாம் கோயிலுக்குப் போயிக் கேட்டுக்கறோமுங்க சாமி. இவ ஊட்டுக்காரரு வேலையில செத்தாரா இல்லீங்களா, அத மட்டுஞ் சொல்லுங்க."

"செத்தார்தான்..."

"அப்பறம் எதுக்குங்க தொரைக்கு மனசு?"

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் போலீஸ்காரர் பெண்டாட்டிக்குப் பென்ஷன் வந்து சேர்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் காட்டு இலாகாவில் கார்டு. போதமலை அடிவாரத்தில் அவருக்கு வேலை. சந்தன மரம் வெட்டுகிறவர்களைத் துரத்துவதும், விறகுக்காரர்களை மிரட்டுவதும்தான் பிழைப்பு. காக்கி உடுப்பில் பித்தளைப் பில்லையைத் துடைத்துக் குத்திக்கொண்டு கிளம்பும்போது மாப்பிள்ளை மாதிரி இருப்பார். அக்காவின் கதைகளை நான் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். "அந்தப் பென்ஷன்காரி நம்மூட்டு வாசலுக்கு வந்தா வெளக்குமாத்த எடு" என்பார்.

ஒரு தடவை ராசிபுரம் சந்தையில் எங்கள் இரண்டு பேரையும் அக்கா பார்த்துவிட்டார். நேராக அவரிடம் வந்து, "மலைக்குத் தனியாவா போறீங்க தம்பி? கூட ஒருத்தனக் கூட்டிக்கிட்டுப் போனா என்னுங்க?" என்றார்.

"எதுக்குங்க அக்கா, சாட்சிக்கா?" என்று கேட்டுவிட்டு இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"தூக்கிக்கிட்டு ஓடியாரதுக்கு" என்றார் அக்கா. கிண்டலே இல்லை அவர் முகத்தில். இவருக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "கெரகம் புடிச்ச பொம்பள" என்று திட்டினார்.

அடுத்த பங்குனியில் இவர் மலைக்குப் போனார், தனியாகத்தான். மரம் வெட்டுகிறவர்களைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். பாறை வழுக்கி, கீழே விழுந்து, பின்மண்டையில் அடி. ஓடினவர்கள் ஓடியே போய்விட்டார்கள். எதிர்ச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அக்கா ஊரில் போய் வண்டி பிடித்து, அதில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வண்டியோடு அக்காவும் வந்துவிட்டார்.

ஊர் எல்லையில், வேலமரத்தடியில் வண்டி நின்றது. நான் ஓடினேன். மாமனார், மாமியார், ஊர் ஜனம் எல்லோரும் ஓடிவந்தார்கள். மணியகாரர் எனக்குப் பெரிய மாமனார் முறை, தங்கமான மனுஷர். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "அம்மிணி, அழுவாத. கைய வச்சுப் பாத்துச் சொல்லு. உள்ள கொண்டு போயிரலாம். அறுக்கவெல்லாம் உட மாட்டேன், நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் அக்கா வண்டியில் ஏறிவிட்டார். இவர் மூக்கில் புறங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து நெஞ்சில் காதை வைத்தார். மறுபடி மூக்கில் கை.

"நீ ஆரு? எறங்கு கீழ! ஊட்டுக்காரிதான் பாக்கோணும்" என்று மணியகாரர் அதட்டினார். அதற்குப் பிறகுதான் இறங்கினார். இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ராகம் எடுத்தார். முன்பு எனக்குச் சிரிப்பு வந்த அதே ராகம், இப்போது என் காதுக்குள்.

"ஏஞ்சாமீ... இல்ல சாமீ... நல்லாப் பாத்துட்டேன் கண்ணூ... ஆட்டுக்காரங்க பாத்திருக்காங்க தாயீ... உடுப்புலதான் இருக்காரு சாமீ... இருக்குதுன்னு சொல்லிப்போடாத தாயீ... கொழந்தைங்க ரண்டு கெடக்குது கண்ணூ..."

எனக்கு அவரைக் கீழே தள்ளி மிதிக்க வேண்டும் போல இருந்தது. ஏறிப் போய் இவர் மூக்கில் கை வைத்தேன். மீசை குத்தியது. ஜில்லென்று இருந்தது. இவரை எங்கள் வாசலில் வைத்து, வெந்நீர் போட்டு, தலையில் இருக்கிற மண்ணையெல்லாம் நானே கழுவிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமியார் இடுப்பில் என் பையன் இருந்தான். மகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இரண்டு கொழுந்தன்கள், மேட்டாங்காட்டில் மழை பெய்தால்தான் சோளம். இந்தக் குழந்தைகள் யார் கையை எதிர்பார்த்து நிற்கும்?

"இல்லீங்க மாமா. மூச்சு இல்ல" என்றேன்.

மாமியார் போட்ட சத்தம் மலையில் முட்டித் திரும்பியிருக்கும். "அடிப்பாவீ! எம்பையன் வாசல் மிதிக்காமப் போறானே! பென்ஷன்காரி பேச்சக் கேட்டுக்கிட்டு எம்பையனத் தெருவுல போட்டுட்டாளே!"

சப்-இன்ஸ்பெக்டர் வருகிற வரைக்கும் இவர் வேலமரத்தடியில்தான் கிடந்தார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. ஊர் ஜனம் எட்டவே நின்றது. மணியகாரரைச் சொல்ல வேண்டும். மனசு கேட்காவிட்டாலும், கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆட்டுக்காரர்களைக் கையோடு கூட்டிவந்து அக்கா நிறுத்தினார். பிறகு ஆஸ்பத்திரி. எல்லாம் முடிந்து தைத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து நேரே இடுகாட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

பென்ஷன் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் என் வீட்டில் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் என் குழந்தைகள் மட்டும்தான். வந்த பிறகு மாமியாருக்குக் கஷாயம், தைலம் எல்லாம் அந்தப் பணத்தில்தான் வாங்கினேன். குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே திட்டுவார். திட்டட்டும். பெற்ற வயிறு. என் பிள்ளைகள் யார் வீட்டுப் படியிலும் போய் நிற்காமல் வளர்ந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். அதற்காக நான் அந்த அக்காவைக் கும்பிடாத நாள் கிடையாது. இவரை வாசலுக்குக் கொண்டுவர முடியாமல் போனதற்கு அழாத நாளும் கிடையாது. இரண்டும் நிஜம்.

முதல் பென்ஷன் வாங்கிய அன்றைக்கு அக்காதான் துணைக்கு வந்தார். கச்சேரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பொரி தின்றோம். அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க அக்கா, அன்னைக்கு அவரு மூக்குல அவ்வளவு நேரங் கைய வச்சுக்கிட்டு இருந்தீங்களே, எதுக்குங்க? அவரு போயி வெகு நேரமாச்சுன்னு ஆட்டுக்காரங்களே சொன்னாங்களே?"

பொரியைக் கீழே வைத்தார். இந்தப் பேச்சை யாரிடமும் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது.

"எங்கூட்டுக்காரரு சம்மன் கொண்டுக்கிட்டுப் போனாரு அம்மிணி. திருமணிமுத்தாத்துல தண்ணி வந்து அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பொதர்ல சிக்கிக் கெடந்தவரத் தூக்கி வண்டியில போட்டுக் கொண்டாந்தாங்க. எல்லையில நிறுத்துனாங்க. மூச்சுப் பாருன்னாங்க. பாத்தேன்."

"இருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்களா? அதுலதான் உங்க பென்ஷன் போச்சுங்களா?"

"சொன்னேன். இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நெசமாலுமே இருந்துச்சு சாமி. மெல்லுசா, இந்தப் பொறங்கைல பட்டுச்சு. இருக்குது, இருக்குதுன்னு கத்துனேன். செரி செரி, இருக்குது, வண்டிய உடுன்னாங்க. வைத்தியரக் கூட்டியாங்கன்னு ஒவ்வொருத்தரு கால்லயும் உழுந்தேன். எல்லாரும் அழுதாங்க, ஆரும் அசையல. எல்லாப் பொம்பளையும் சொல்றதத்தான நானுஞ் சொன்னேன், அவங்க எப்பிடிக் கண்டாங்க? அப்பறம் கச்சேரிக்குப் போயி ஆத்துல போனாருங்கன்னேன். ஊட்டுல காச்சல்ல போனதா உங்கூரு மணியகாரரு எழுதியிருக்காரேன்னாங்க. அது கெடக்குது உடு."

பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அக்கா பொரியின் மேல் முந்தானையைப் போட்டு மூடினார்.

"வாசல்ல எறக்கி, சொம்புல தண்ணி கொண்டாந்து வாயில ஊத்துனாங்க. தண்ணியில உழுந்த மனுசனுக்குத் தண்ணி. மொத மடக்க முழுங்குனாரு, சாமி. தொண்டக்குழி ஏறி எறங்குச்சு. நான் பாத்தேன்."